பதினேழு கோட்டுப் பெயர்

காலை ஆறு மணிக்கு எங்கள் ஊரில் பசியோடு எழுந்தவர்கள் எல்லாரும் ஷாங் ஜுவோவின் அண்டாவைச் சுற்றித்தான் நிற்பார்கள். எலும்புச் சாறு கொதித்துக்கொண்டிருக்கும். அதில் பட்டையான கிழங்குமாவுச் சேமியா, டோஃபு, பன்றி ரத்தக் கட்டி, கீரை. மேலே மிளகாய் எண்ணெய். அந்த எண்ணெயில்தான் அவள் மனசு தெரியும். பிடித்தவர்களுக்கு ஒன்றரைக் கரண்டி, பிடிக்காதவர்களுக்கு அரைக் கரண்டி. சண்டை போட்டவர்களுக்கு வெறும் சாறுதான். கேட்டால் மிளகாய் தீர்ந்துவிட்டது என்பாள். மிளகாய்ச் சட்டி அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே ததும்பிக்கொண்டிருக்கும்.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்ததுமே ஒரு சிக்கல். ஜுவோ என்று காதில் விழுகிற மாதிரி எழுதிவிட்டேன். உண்மையில் அவள் பெயர் காதால் கேட்கிற சமாசாரம் இல்லை, கண்ணால் பார்க்க வேண்டியது. மேலே மழை. மழைக்குக் கீழே இடது பக்கம் மாடு, வலது பக்கம் பறவை. மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து, மொத்தம் பதினேழு கோடு. கடைப் பலகையில் அவளே சிவப்புச் சாயத்தில் எழுதி வைத்திருந்தாள். கையால் எழுதினால் வரும். கணினியில் எப்படித் தட்டினாலும் வராது.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரால் அவளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வாத்தியார் வருகைப் பட்டியல் வாசித்துக்கொண்டே வருவார். அவள் பெயர் வந்ததும் அவருக்கு இருமல் வரும். தெரியாத எழுத்து என்று பிள்ளைகள் முன்னால் எப்படி ஒத்துக்கொள்வது? அதைத் தாண்டி மற்ற எல்லாரையும் வாசித்துவிட்டு, யார் பெயர் விட்டுப்போச்சு என்று ரொம்ப அப்பாவியாகக் கேட்பார். இவள் எழுந்து நிற்பாள். பெயர் தெரியாத பிள்ளையைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க முடியாது. ஐந்து வருஷம் இவளிடம் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு வந்த வாத்தியாருக்கு வெட்கம் கிடையாது, "ஏய், நீதான்" என்று விரலை நீட்டிவிட்டார். அத்தோடு அவள் படிப்பு முடிந்தது.

அசௌகரியமும் இருந்தது. சேட்டை செய்தால் தண்டனை, அவரவர் பெயரை நூறு தடவை எழுத வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரி பெயர் திங் யீ, பெயர் மொத்தமுமே மூன்று கோடு. மூக்கைச் சிந்துகிற நேரத்தில் எழுதிவிட்டு விளையாடப் போய்விடுவாள். இவள் நூறு மழை, நூறு மாடு, நூறு பறவை எழுதி முடிக்கும்போது பள்ளிக்கூடத்தைப் பெருக்கிப் பூட்டியிருப்பார்கள். அந்தத் திங் யீ இன்றைக்கும் சாறு குடிக்க வருகிறாள். நாற்பது வருஷமாக அரைக் கரண்டிதான்.

எல்லாரும் கையால் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இதெல்லாம் வேடிக்கையாகவே ஓடியது. அப்புறம் எல்லா மேசையிலும் கணினி வந்து உட்கார்ந்தது. புது அடையாள அட்டை கொடுத்தார்கள். அதில் ஷாங் என்ற குலப்பெயர் அழகாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு வெற்றுக் கட்டம். ஆஸ்பத்திரியில் "ஷாங் கட்டம், உள்ளே வா" என்று கூப்பிட்டார்கள். ரயில் நிலையத்தில், கட்டத்தை ஏற்றிக்கொண்டு போக முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். காவல் நிலையத்தில் ஒவ்வொரு வருஷமும், பேசாமல் பெயரை மாற்றிக்கொள், ஒரு படிவம்தான் என்றார்கள். அந்தக் காவலர் அவள் கடைக்கு வரும்போதெல்லாம் அவர் கிண்ணத்தில் எண்ணெய் குறைந்துகொண்டே போனது.

அவள் கடைக்கு எதிரே என் அப்பாவின் டயர் ஒட்டும் கடை. அப்பா பெயர் ஷிங் பாவ்லின். பேசுவதற்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிற ஆள். என் அம்மா தெற்கே தொழிற்சாலை வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, எனக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா இரண்டு வருஷம் ஷாங் ஜுவோவின் கடையில் தலையைக் குனிந்து சாப்பிட்டார். கிண்ணத்தில் மிளகாய் எண்ணெய் ஏறிக்கொண்டே வந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஒரு நாள், 'டயர் ஒட்டப்படும்' என்ற எங்கள் பலகைக்குக் கீழே, 'கிழிந்த மனசுக்கு எதிர்க்கடையில் விசாரிக்கவும்' என்று வெள்ளைச் சாயத்தில் எழுதி வைத்தேன். அப்பா பழைய டியூபை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை என்னைத் துரத்தினார். அவள் கரண்டியோடு வாசலில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் அப்பா கிண்ணத்தில் இரண்டு கரண்டி. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மிளகாயால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்த இளவேனிலில் கல்யாணம் என்று முடிவானது. பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார்கள். சிவப்புத் துணிக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டு இருவரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பா அதில் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர் மாதிரி இருந்தார். திருமணப் பதிவு அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். எழுத்தர் சின்னப் பையன், கழுத்துப்பட்டை எல்லாம் கட்டியிருந்தான். அப்பா பெயரைத் தட்டினான், வந்தது. அவள் பெயரைத் தட்டினான், வரவில்லை. வலது கையால் தட்டினான், இடது கையால் தட்டினான், திரையின் முதுகிலும் ஒரு தட்டு தட்டினான். கடைசியில், கணினியில் இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணிவைக்க முடியாது, முதலில் பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றான். மிகப் பழைய எழுத்து என்பதற்கு ஆதாரம் இருந்தால் மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்று போனால் போகிறதென்று ஒரு வார்த்தையும் சேர்த்தான்.

திரும்பி வரும் வழியில் அப்பா வாழ்க்கையிலேயே மிக நீளமான வாக்கியத்தைப் பேசினார்.

"ஒரே ஒரு எழுத்துதானே ஜுவோ, மாத்திட்டா என்ன, நான் உன்னக் கூப்பிடுறது எப்பவும் போலத்தானே இருக்கும்."

"அப்ப கல்யாணம் வேணாம்" என்றாள் அவள்.

மறுநாள் அப்பா கிண்ணத்தில் வெறும் சாறு. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் மிளகாய் தீர்ந்துவிட்டதென்று சொல்லவில்லை. குறித்த நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. படம் எங்கள் வீட்டு அலமாரியில் குப்புறக் கிடந்தது.

நான்தான் தூது போனேன். எங்கள் பக்கம் அம்மா வயசுக்காரிகளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவோம். "சித்தி, கட்டமாவே இருந்துட்டுப் போங்களேன், நாலு மூல இருக்கு, பொட்டி மாதிரி உறுதியா இருக்கும்" என்று ஆரம்பித்தேன். வழக்கமாகச் சிரிப்பாள். அன்றைக்கு ஒரு பூண்டை உரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"எங்கப்பாவோட கல்லறையப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"கல்லுல பெத்த புள்ளைங்க பேர வெட்டுவாங்கல்ல. எங்கப்பாவுக்கு ஒரே ஒரு பேருதான். அதுவும் இந்தப் பேரு. நான் நாளைக்கி வேற ஒருத்தியாயிட்டா அந்தக் கல்லுக்கு யாருடா புள்ள? செத்த மனுசன் எந்திரிச்சு வந்து உளி புடிப்பாரா?"

நானும் ஒரு பூண்டை எடுத்து உரித்தேன். மோசமாக உரிக்கிறேன் என்று பிடுங்கிக்கொண்டாள்.

எழுத்தர் பையன் கேட்டது பழைய ஆதாரம்தானே. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜாக்கள் ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் எழுத்துக் கீறிப் புதைத்து வைத்த மண் எங்களுடையது. எங்கள் சந்தையில் தோண்டியெடுத்த ஓடு கிடைக்கும், போன வாரம் செய்து தோண்டியெடுத்த ஓடு இன்னும் மலிவாகக் கிடைக்கும். மற்றவர்கள் செய்யும்போது நான் செய்தால் என்ன? விருந்து மண்டபச் சமையற்கட்டின் பின்னாலிருந்து ஒரு ஆமை ஓட்டைத் தேடிப் பிடித்தேன். அப்பாவின் திருப்புளியால் மழை, மாடு, பறவையைக் கீறினேன். மூன்று நாள் கறுப்புத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தேன். கோழிக் கூண்டுக்கு அடியில் ஒரு வாரம் புதைத்தேன். கடைசியாக டயர்க் கரியைத் தேய்த்துத் துடைத்தேன். ஓடு மூவாயிரம் வருஷமும் அதற்கு மேலும் ஆனது மாதிரி இருந்தது. நாற்றமும் அப்படித்தான்.

ஹௌ என்று ஒரு அக்கா வியாழக்கிழமை தோறும் சாறு குடிக்க வருவாள். அருங்காட்சியகத்தில் எலும்புகளைப் படிக்கிற வேலை. கிண்ணத்து ஆவியில் மூக்குக்கண்ணாடி மூடிப்போய், கண் தெரியாமலேயே சாப்பிடுவாள். அவள் பக்கத்தில் ஓட்டை வைத்து, எங்கள் மாமா வயலில் உழும்போது கிடைத்தது என்றேன். எனக்கு மாமா கிடையாது, வயலும் கிடையாது.

அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். முதலில் முகர்ந்தாள்.

"அந்தக் காலத்து ராஜாவுக்கு டயர் கடை இருந்துச்சா தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பறவையின் மேல் விரலை வைத்தாள்.

"இது என்ன?"

"பறவைக்கா."

"மூவாயிரம் வருசத்துக்கு முன்னாடி பறவைன்னா மூக்கும் றெக்கையும் வச்சுப் பறவையாவே வரைவாங்க. அப்புறந்தான் அது எழுத்தாச்சு, அடியில நாலு புள்ளி வந்துச்சு. அந்த நாலு புள்ளியத் தூக்கிட்டு ஒத்தக் கோடு போட்டது எங்கம்மா பள்ளிக்கூடம் போன காலத்துல. உன் ஆமை சாகறதுக்கு முன்னாடி எந்த ஸ்கூல்ல படிச்சுச்சு?"

சுற்றி நின்றவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். திங் யீ சிரித்ததில் அவள் மூக்கு வழியாகச் சேமியா வந்தது. எனக்கு ஓடு கிடைத்தால் அதற்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது, ஓடு ஹௌ அக்கா கையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படிப்பது அந்த ஒற்றைக் கோட்டுப் பறவையைத்தான். பறவை என்றால் பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்று நானும் இருந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு ஷாங் ஜுவோ கரண்டியோடு வந்தாள். ஆமை முதுகில் தன் பெயரைப் பார்த்தாள். கரண்டி என் தலையில்தான் இறங்கும் என்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"ஓடு பொய், தெரியுது" என்றாள் ஹௌ அக்காவிடம். "எழுத்து நெசந்தானே? எங்கப்பா பழைய எழுத்துன்னுதான் சொன்னாரு."

ஹௌ அக்கா கடைப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். அந்த ஒரு வாரம் கடையில் எல்லாருக்கும் ஒரே அளவு எண்ணெய், பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் முக்கால் கரண்டி. ஊரே கலங்கிப்போனது. அடுத்த வியாழன் வந்தது. அக்கா உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள். பத்தாயிரக்கணக்கில் எழுத்து அடுக்கிய பெரிய அகராதிகளைப் புரட்டிப் பார்த்தாளாம். கல்வெட்டு, எலும்பு, மூங்கில் பட்டை, எதிலும் இல்லையாம். இந்த எழுத்து உலகத்தில் எங்கேயும் கிடையாது, அநேகமாகச் சித்தியின் அப்பாவே உண்டாக்கியிருக்க வேண்டும் என்றாள்.

அண்டா பொங்கியது. யாரும் அடுப்பைக் குறைக்கவில்லை. நான் போய்க் குறைத்தேன்.

ஷாங் ஜுவோ ஸ்டூலில் உட்கார்ந்து, தன் அப்பா சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கினாள். மாடு மேய்த்தவர் அவர். ஒரே ஒரு பனிக்காலம் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்புக்குப் போனார். அங்கே வாத்தியார் சுலபமாகப் புரிய வேண்டும் என்று, மரத்துக்குப் பக்கத்தில் மனுஷன் நின்றால் 'ஓய்வு', இரண்டு மரம் சேர்ந்து நின்றால் 'தோப்பு' என்று சொல்லிக் கொடுத்தார். எழுத்தென்றால் செங்கல் மாதிரி, யாருக்கு என்ன தேவையோ அதை அடுக்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று மனுஷன் புரிந்துகொண்டுவிட்டார். இவள் பிறந்த அன்றைக்கு நாலு மாத வறட்சிக்கு அப்புறம் மழை பெய்தது. மாடு நனைந்துகொண்டே நின்றது. அதன் முதுகில் ஒரு பறவை பறக்காமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு நேராகப் பெயர் பதியப் போய், பார்த்ததை அப்படியே அடுக்கிக் காட்டியிருக்கிறார். மாடு மேய்ப்பவன் முன்னால் தெரியாதென்று சொல்ல அங்கிருந்த எழுத்தருக்கு மனசு வருமா? பழைய எழுத்தா என்று கேட்டிருப்பார். இவரும் ஆமாம் என்றிருப்பார். எப்படி வாசிப்பது என்றதற்கு, வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார்.

சொல்லி முடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"எங்கப்பன் மொத்தமே முந்நூறு எழுத்து கத்துக்கிட்டான். திருப்பி ஒண்ணு குடுத்துட்டுப் போயிருக்கான்."

"எல்லா எழுத்தும் இப்படித்தான்க்கா" என்றாள் ஹௌ. "மொதல்ல யாரோ ஒருத்தர் கிறுக்கறாரு. அப்புறம் நாலு பேரு ஒத்துக்கறாங்க."

அந்த நாலு பேரைத்தான் காட்ட வேண்டும் என்று விளக்கினாள். எழுத்து பழசாக இருக்க வேண்டியதில்லை. இவ்வளவு வருஷம் அது புழங்கியிருக்கிறது என்று காட்டினால் போதும், கணினிக்குள் சேர்க்கச் சொல்லி மனு போடலாம். குடும்பப் பதிவேடு ஒன்று, கல்லறைக் கல் இன்னொன்று. கல்லைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போக முடியாது, தாளில் ஒற்றியெடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோதுமை வயலுக்குள் இருக்கிற கல்லறைக்குப் போனோம். நான், சித்தி, ஹௌ அக்கா. வரப்பில் ஏறும்போது பின்னால் சத்தம் கேட்டது. அப்பா கடையைப் பூட்டிவிட்டு, டியூப் ஓட்டை பார்க்கிற தகரத் தொட்டியில் தண்ணீர் சுமந்துகொண்டு வந்துகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஒற்றியெடுக்கத் தண்ணீர் வேண்டும் என்று எவனோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஹௌ அக்கா கல்லைக் கழுவி, மெல்லிய தாளை நனைத்து ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கினாள். துணிப் பொட்டலத்தில் மை தொட்டு மேலாக ஒற்றினாள். தாள் கறுத்துக்கொண்டே வந்தது, எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்தது. கல்வெட்டியவர் பழைய பாணிக்காரர் போல, பறவைக்கு அடியில் நாலு புள்ளியும் முழுசாக இருந்தன. பதிவேட்டில் புதுப் பறவை, கல்லில் பழைய பறவை, ரெண்டு காலமும் சாட்சி சொல்கிறது, இதைவிட என்ன வேணும் என்றாள் அக்கா. உயிரோடு இருப்பவர்கள் பெயருக்குச் சிவப்புச் சாயம் பூசுவது எங்கள் வழக்கம். கல்லில் அந்த ஒரு பெயர் மட்டும் சிவப்பாகத் தனியாக நின்றது.

அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து கல்லைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். பாதிப் பிடுங்கியதும் கல்லைப் பார்த்துப் பேசினார்.

"மாமா, நான் ஷிங் பாவ்லின். டயர் ஒட்டுறேன். பேரு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

சித்தி எங்கேயோ கோதுமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அப்பா கிண்ணத்தில் இரண்டரைக் கரண்டி எண்ணெய் மிதந்தது. அவர் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, அன்றைக்குக் கடை திறக்கவில்லை. வயிறு.

குறித்த நாளிலேயே அலுவலகத்துக்குப் போனோம். ஹௌ அக்கா கல்லின் கறுப்புத் தாளை மேசை நீளத்துக்கு விரித்தாள். வரிசையில் நின்ற மற்ற ஜோடிகள் எல்லாம் கல்யாணத்தை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். எழுத்தர் பையன் உள்ளே போய்ப் பெரிய அதிகாரியைக் கூட்டி வந்தான். அவர் பதிவேட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்தார். கணினியில் ஏற எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது, அதுவரைக்கும் அந்த இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்துக் கையால் எழுதி முத்திரை குத்து என்றார். எழுத்தர் பையன் பேனாவை எடுத்தான். மழை வரை வந்தான். அதற்கு மேல் கை நகரவில்லை. தட்டியே பழகிய கை, மாட்டுக்கு எந்தக் கோடு முதலில் என்று மறந்து நின்றது.

"குடுப்பா இப்படி" என்று சித்தி பேனாவை வாங்கினாள். "நூறு நூறா எழுதிப் பழகின கை இது."

பதினேழு கோட்டையும் நிறுத்தாமல் எழுதினாள். திருமணச் சான்றாகக் கொடுக்கிற அந்தச் சின்னச் சிவப்புப் புத்தகத்தில் மற்றதெல்லாம் அச்சு, அவள் பெயர் மட்டும் கை. முத்திரை மாட்டின் கொம்பில் விழுந்தது.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷமாகிறது. கணினிக்குள் அந்த எழுத்து இன்னும் வரவில்லை, மனு எங்கேயோ வரிசையில் நிற்கிறது. ஆமை ஓடு கடையில் உப்புக் கிண்ணமாக இருக்கிறது. நாற்றம் மட்டும் போகவில்லை என்று திங் யீ சொல்கிறாள்.

போன மாதம் தொழிற்பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தாயார் பெயர் என்ற இடத்தில் நான் மழை, மாடு, பறவை போட்டேன். வகுப்பாசிரியர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், என்னையும் பார்த்தார். போன பருவத்தில் அவர் நாற்காலிக்குக் கீழே சைக்கிள் மணி கட்டியவன் நான்தான். அரசாங்கப் படிவத்திலும் விளையாட்டா, இப்படி ஒரு எழுத்து எங்கே இருக்கிறது என்று கத்தினார். எங்கள் வீட்டில் இருக்கிறது என்றேன். நூறு தடவை எழுதிக் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

கையால் எழுதினேன். ஒரு மாட்டுக்கும் கொம்பை விடவில்லை. கடைசிப் பத்துப் பறவைக்கு நாலு புள்ளியும் வைத்தேன். சித்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அறுபத்து மூணாவது மழை கோணலாக இருக்கிறது, திருப்பி எழுது என்றாள். எழுதினேன்.